மிராசு வீட்டின் வரலாற்றை யார் எழுதுவது?

(கைலாசபுரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கிராமத்தில் வசதியாக வாழ்ந்த ஒரு நிலவுடைமைக் குடும்பத்தின், அதாவது ஒரு மிராசு வீட்டின், வரலாறு பற்றிப் பேச வேண்டும் என்று இந்த அறக்கட்டளையினர் கேட்டுக்கொண்டார்கள். அதைப் பேசுவதற்குக் கைலாசபுரத்தைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. 1965-இல் திருவெறும்பூருக்குப் பக்கத்தில் பாய்லர் ஆலை வந்தது. லால்குடி, முசிறி, குளித்தலை, பூதலூர், திருக்காட்டுப்பள்ளி என்று சுற்றுவட்டாரத்திலிருந்து ஆட்கள் வேலைக்கு வந்தார்கள். ஒருவர் வீட்டில் நெல் கொட்டிவைக்கப் பத்தாயம் இருந்தது. இன்னொருவரின் அப்பா, தாத்தா அந்தப் பத்தாயத்துக்கு நெல் சுமந்தவர்கள். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஆலையின் குடியிருப்பான இந்தக் கைலாசபுரத்தில் ஒரே மாதிரி குவார்ட்டர்ஸில் குடியிருந்தார்கள், ஒரே பள்ளியில் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். இப்போது ஓய்வு பெற்ற பலர் தங்கள் குடும்ப வரலாற்றை எழுதி, சொந்தச் செலவில் அச்சிட்டு, கல்யாண வீடுகளில் கொடுக்கிறார்கள். நல்ல வழக்கம் அது. அப்படி என் கைக்கு வந்த புத்தகங்களைப் படித்ததிலிருந்துதான் இன்று பேசப்போகும் விஷயம் எனக்குத் தோன்றியது.

அந்தப் புத்தகங்களில் பெரும்பாலும் கொள்ளுத்தாத்தா, தாத்தா, அப்பா, மகன் என்று ஆண் வரிசை இருக்கிறது. எத்தனை வேலி நிலம், எந்தக் கோயிலுக்குத் திருப்பணி, எந்தக் கலெக்டர் வீட்டுக்கு வந்தார் என்பதெல்லாம் இருக்கிறது. அந்த வீட்டில் ஐம்பது வருஷம் அடுப்படியில் நின்ற பெண்களுக்கு ஒரு பத்தி. அந்த வேலிக்கணக்கான நிலத்தை உழுது நட்டு அறுத்தவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை. இவர்கள் இல்லாமல் எழுதுவது அந்தக் குடும்பத்தின் வரலாறாகாது என்பது என் உறுதியான கருத்து. எழுத ஆதாரம் இல்லையே என்று சொல்வதற்கும் இடமில்லை. ஆதாரம் நிறையவே இருக்கிறது, பல இடங்களில் நம் வீட்டுப் பரணிலேயே இருக்கிறது.

நிலமுடையவர்கள் பெயரைப் பதிந்துவைப்பது நம் பக்கத்தில் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பழக்கம். இங்கிருந்து பார்த்தால் தெரியும் திருவெறும்பூர் மலைக்கோயிலின் கற்றளியை எழுப்பியவன் அரசன் அல்லன். செம்பியன் வேதிவேளான் என்ற நிலத்தலைவன். அவன் பெயர் கல்லில் நிற்கிறது. கல் சுமந்தவர்கள் பெயர் நிற்கவில்லை. திருச்சிக்கு மேற்கே, காவிரித் தென்கரையில், அல்லூர், ஈசானமங்கலம் என்று அடுத்தடுத்த இரண்டு ஊர்கள் இருந்தன. ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபோரு கராஷிமா அந்த ஊர்களின் சோழர்காலக் கல்வெட்டுகளை ஒப்பிட்டு 1966-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஈசானமங்கலம் பிராமணர்களுக்கு விடப்பட்ட பிரமதேயம். அங்கே தனித்தனி ஆள் நிலத்தை வைத்திருந்தார், விற்றார், வாங்கினார். அல்லூரில் வேளாளர்கள் ஊராராகச் சேர்ந்து நிலத்தை வைத்திருந்தார்கள், விற்கும்போதும் ஊராகவே விற்றார்கள். பிற்காலச் சோழர் காலத்தில்தான் காவிரிக் கீழ்ப்பகுதியில் பெரும் நிலம் தனியாள் கைக்குப் போவது பரவலாகத் தெரிகிறது என்பது அவர் முடிவு. கண்ணுக்கு எதிரே இருக்கும் இரண்டு ஊர்களை வைத்துக்கொண்டு, தென்னிந்திய நிலவுடைமை பற்றி உலகம் பேசிய பேச்சையே ஒருவர் மாற்றிக் காட்டினார். நம் ஊர்க் கல்வெட்டுக்கு அத்தனை பெறுமானம் இருக்கிறது என்று சொல்லத்தான் இதைக் குறிப்பிட்டேன். இனி நமக்கு நெருக்கமான காலத்துக்கு வருகிறேன்.

வெள்ளைக்கார அரசு ரயத்துவாரி முறையில் நிலத்தை அளந்து, தரம் பிரித்து, தீர்வை விதித்து, ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு பட்டாதாரரை எழுதிக்கொண்டது. திருச்சி மாவட்டத்தில் 1860-களில் இருந்து செட்டில்மெண்ட் பதிவேடுகள் இருக்கின்றன. ஏறத்தாழ அதே காலத்தில் பத்திரப் பதிவு அலுவலகங்களும் வந்துவிட்டன. ஆகவே ஒரு மிராசு குடும்பத்தின் நிலம் எப்போது சேர்ந்தது, எப்போது கரைந்தது என்பதை நூற்றைம்பது வருஷத்துக்குப் பின்னோக்கிப் பார்க்க முடியும். இது ஒரு புத்தகம்.

இன்னொரு புத்தகம் வீட்டுக்குள் இருக்கிறது. அதுதான் பண்ணைக் கணக்கு. பெரிய வீடுகளில் காரியஸ்தர் என்று ஒருவர் இருப்பார். திண்ணையிலோ ரேழியிலோ கணக்குப் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மேலே பிள்ளையார் சுழி, தமிழ் வருஷம், மாதம், தேதி. வரவு ஒரு பக்கம், பற்று ஒரு பக்கம். பழைய கணக்குகளில் எண்களும் தமிழ் எண்கள்தான். கால், அரைக்கால், மாகாணி என்று பின்னங்களுக்கும் தனிக் குறி உண்டு. படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்பது எனக்கு உள்ளபடியே வருத்தம். ஏனென்றால் குடும்பப் புத்தகத்தில் இல்லாத பெயரெல்லாம் அந்தக் கணக்கில் இருக்கும். இன்னாருக்கு நாற்றுப்பறி கூலி இத்தனை மரக்கால். இன்னார் மகள் கல்யாணத்துக்குக் கடன் இத்தனை கலம், அறுவடையில் கழிக்க வேண்டியது. இன்னார் மனைவிக்குப் பிரசவம், நெல்லும் ஒரு சேலையும். குடும்பத்தார் நினைவில் "நம்ம ஆளுங்க" என்று மொத்தமாகக் கரைந்துபோனவர்கள், காரியஸ்தர் கையெழுத்தில் ஒவ்வொருவராகப் பெயரோடு நிற்கிறார்கள். கணக்குக் கடனுக்காக எழுதப்பட்டதுதான். இருந்தாலும் பெயர் இருக்கிறது.

களத்துமேட்டில் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். அடித்த நெல்லைத் தூற்றிக் குவித்து, குவியலின் மேல் சாம்பலாலோ சாணிப்பாலாலோ குறி போட்டிருப்பார்கள், யாரும் கை வைத்தால் தெரியும்படி. அளப்பவர் குனிந்து முதல் மரக்காலைக் கொட்டும்போது ஒன்று என்று சொல்ல மாட்டார். "லாபம்" என்பார். அப்புறம் ரெண்டு, மூணு என்று ஒரு ராகத்தோடு எண்ணிக்கை போகும். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். மிராசுதாருக்கும் குத்தகைக்காரருக்கும் பங்கு பிரிப்பதற்கு முன்பே கோயில், வெட்டியான், தச்சர், கொல்லர், நாவிதர், வண்ணார் ஆகியோருக்குச் சுதந்திரம் என்ற உரிமைப் பங்காகக் களத்திலேயே நெல் போய்விடும். பண்ணையாட்கள் கடைசியில் காத்து நிற்பார்கள். பதரும் மண்ணும் கலந்த அடிக்குவியல்தான் அவர்களுக்கு வந்து சேரும். ஒரு மிராசு குடும்பத்துக்கும் அதைச் சுற்றியிருந்த ஊருக்கும் இருந்த உறவு முழுவதையும் அந்த ஒரு பிற்பகலில் பார்த்துவிடலாம். யார் எத்தனை தூரத்தில் நின்றார்கள், யார் கை குவியலைத் தொடலாம், யார் துண்டை விரித்து வாங்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே முடிவாகியிருந்தது. குடும்ப வரலாறு எழுதுகிறவர் கூடத்து ஊஞ்சலிலிருந்து தொடங்காமல் இந்தக் களத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பேன்.

பெண்களின் கதைக்கும் ஆதாரம் இருக்கிறது, ஆனால் தேட வேண்டும். பாகப்பிரிவினைப் பத்திரத்தைக் கவனமாகப் படித்தால் கடைசிப் பக்கங்களில் ஜீவனாம்சம் என்று ஒரு ஷரத்து வரும். அண்ணன் தம்பிகள் நஞ்சை, புஞ்சை, மாடு, வண்டி, பாத்திரம் என்று எல்லாவற்றையும் பங்கு பிரித்தபின், விதவையான ஒரு பெண்ணுக்கு வருஷத்துக்கு இத்தனை கலம் நெல், இத்தனை ரூபாய், கொல்லைப்புறத்தில் ஓர் அறை என்று எழுதியிருக்கும். பதினைந்து பதினாறு வயதில் தாலி அறுத்து, எழுபது வயது வரை அந்த அறையில் இருந்த அத்தைகளையும் பெரியம்மாக்களையும் நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அவர்கள் கணவன் பங்கு கொழுந்தன்மார் நிலத்தோடு சேர்ந்து உழப்பட்டது. 1937-இல் இந்துப் பெண்களின் சொத்துரிமைச் சட்டம் விதவைக்குக் கணவன் பங்கில் உரிமை கொடுத்தபோதும் விவசாய நிலம் அதில் அடங்கவில்லை. சென்னை மாகாணம் அந்த உரிமையை விவசாய நிலத்துக்கு நீட்டியது 1947-இல்தான். 1956-இல் வாரிசுரிமைச் சட்டம் வந்தது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கு மகனைப் போலவே பிறப்புரிமை என்பதைத் தமிழ்நாடு 1989-இல் கொடுத்தது. அதுவும் அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன்பே திருமணமாகிவிட்ட பெண்களுக்குக் கிடைக்கவில்லை. இந்த அவையில் இருக்கும் அம்மாக்களில் பலர் அந்தத் தேதிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள்.

சட்டம் என்றதும் நில உச்சவரம்பு நினைவுக்கு வரும். ஒரு மிராசு வீட்டின் உள்விவகாரம் அதில் வெளிப்பட்டதுபோல வேறெதிலும் வெளிப்படவில்லை. 1961-ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று வரம்பு வைத்தது, கூடுதலாக உள்ள ஒவ்வொருவருக்கும் 5 ஏக்கர். கணக்குத் தேதியாக 1960 ஏப்ரல் 6-ஐ வைத்தது. 1970-இல் வரம்பு 15 ஆகக் குறைந்தது. பெண்ணுக்கு ஸ்திரீதனமாக 10 ஏக்கர் வரை தனியாக வைத்துக்கொள்ளவும் வழி இருந்தது. அதுவரை ஒரு சென்டு நிலத்துக்குக்கூட உரியவளாக எழுதப்படாத மனைவியும், மகளும், சில இடங்களில் தொட்டில் குழந்தையும் திடீரென்று பட்டாதாரர் ஆனார்கள். ஒரே அடுப்பில் சமைத்து ஒரே கூடத்தில் சாப்பிட்ட குடும்பங்கள் காகிதத்தில் நாலாகப் பிரிந்தன. சில வீடுகளில் நம்பிக்கையான பண்ணையாள் பெயரிலும் நிலம் எழுதப்பட்டது. அவருக்கு அது தெரியாமலே இருந்ததும் உண்டு. காகிதத்துக்காகச் செய்த பாகம் சில குடும்பங்களில் உண்மையான பாகமாகவே ஆகிவிட்டது. அண்ணன் தம்பி முகம் பார்க்காமல் போனதற்குக் காரணம் தேடுகிறவர்கள், அந்தப் பத்திரத்தின் தேதியை ஒருமுறை பார்க்கட்டும்.

ஆனால் மிராசு வீடுகள் கரைந்ததற்குச் சட்டம் மட்டுமே காரணம் என்று சொல்கிறவர்களோடு நான் உடன்பட மாட்டேன். ஹருகா யானகிசாவா என்ற ஜப்பானிய அறிஞர் நம் லால்குடி வட்டத்தின் செட்டில்மெண்ட் பதிவேடுகளை உட்கார்ந்து படித்து, 1860-களிலிருந்து 1970-கள் வரை நிலம் எந்தச் சாதியார் கையிலிருந்து எந்தச் சாதியார் கைக்குப் போனது என்று ஒரு புத்தகம் எழுதினார். பிராமண நிலவுடைமையாளர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே கல்விக்கும் உத்தியோகத்துக்கும் நகரத்துக்குப் போனார்கள். அவர்கள் நிலம் சிறுகச் சிறுகக் கைமாறியது. இன்னொரு பக்கம், கூலிவேலை செய்தவர்கள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் பர்மாவுக்கும் கப்பலேறினார்கள். தோட்டத்தில் பட்ட பாட்டுக்கு நடுவிலும் கொஞ்சம் காசு சேர்த்துத் திரும்பியவர்கள் காணி நிலம் வாங்கினார்கள். வாங்காதவர்களுக்கும், இந்தப் பண்ணையை விட்டால் வேறு வழியில்லை என்ற நிலை மாறியது. சுதந்திரத்துக்கும் உச்சவரம்புக்கும் வெகுகாலம் முன்பே பண்ணையின் அடித்தளம் ஆடத் தொடங்கிவிட்டது.

அப்படி நகரத்துக்குப் போன ஒரு குடும்பத்தை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். தஞ்சை மாவட்டத்தில் மாங்குடியை அடுத்த புரசக்குடியில் நிலத்தை நம்பி வாழ்ந்த குடும்பம். அதிலிருந்து சந்திரசேகர ஐயர் ஆங்கிலக் கல்வி கற்றுத் திருச்சியில் ஆசிரியரானார். 1888 நவம்பர் 7 அன்று திருவானைக்காவலில், தாய்வழிப் பாட்டனார் வீட்டில் அவருடைய இரண்டாவது மகன் பிறந்தார். அவர்தான் சி. வி. ராமன். 1892-இல் குடும்பம் விசாகப்பட்டினம் போயிற்று. ராமனின் அண்ணன் சி. எஸ். ஐயர் கணக்குத்துறை அதிகாரி. அவர் தன் குடும்பத்தின் வரலாற்றை எழுதிவைத்தார். ராமனைப் பற்றியும், சி. எஸ். ஐயரின் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகரைப் பற்றியும் பிற்பாடு எழுதியவர்களுக்கு அந்தக் கையெழுத்துப் படி பெரும் உதவியாக இருந்தது. இரண்டு நோபல் பரிசு பெற்ற குடும்பத்தின் வேர் ஒரு காவிரிக் கரைக் கிராமத்து நிலத்தில் இருந்தது என்று நமக்குத் தெரிவது, ஒருவர் உட்கார்ந்து எழுதிவைத்ததால். எழுதுவதற்கு இருக்கும் பலனுக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

போக வழியில்லாமல் ஊரிலேயே இருந்தவர்களின் கதை வேறு. பண்ணையாள் குடும்பம் குடியிருந்த குடிசை நின்ற மண்ணும் மிராசுதாருடையது. கூலி கேட்டால் குடிசை போய்விடும். தஞ்சையில் விவசாயச் சங்கம் எழுந்து, 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, ஒரே ஊரில் ஒரு வேலிக்கு, அதாவது ஏறத்தாழ 6.67 ஏக்கர் அளவுக்கு மேல் வைத்திருந்தவர்களை அது கட்டுப்படுத்தியது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தலித் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். டெல்டாவின் எந்த மிராசு குடும்பத்தின் வரலாற்றை எழுதினாலும் அந்த இரவைத் தாண்டிப் போக முடியாது. அந்த வீட்டுக்கு அதில் பங்கு இல்லாவிட்டாலும், அந்த இரவுக்குப் பின் அந்த வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை எழுதியாக வேண்டும். 1971-இல் குடியிருப்பு மனைச் சட்டம் வந்து, குடிசை நின்ற மண் குடியிருந்தவருக்கே சொந்தமானது. கிராமத்தில் உயர்ந்த குரலில் பேசும் துணிவு பலருக்கு அந்த ஓரிரு சென்டிலிருந்துதான் வந்தது என்று நான் நம்புகிறேன்.

இந்த மாற்றங்களை ஊருக்குள் போய்ப் பார்த்தவர்களும் உண்டு. 1979-80-இல் வெங்கடேஷ் ஆத்ரேயா, கோரன் ஜுர்ஃபெல்ட், ஸ்டாஃபன் லிண்ட்பெர்க் ஆகிய ஆய்வாளர்கள் அன்றைய திருச்சி மாவட்டத்தின் ஆறு கிராமங்களில் வீடு வீடாகப் போய் ஆய்வு செய்தார்கள். இருபத்தைந்து வருஷம் கழித்து அதே ஊர்களுக்கு, அதே குடும்பங்களைத் தேடி மறுபடியும் போனார்கள். பெரிய பண்ணைகள் ஒதுங்கி, சொந்த உழைப்பில் பயிர்செய்யும் குடும்பங்கள் முன்னுக்கு வந்ததையும், பலர் விவசாயத்தை விட்டே வெளியேறியதையும் அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டில் இதைவிட நீண்ட பதிவு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் மாணவர்களைக் கொண்டு எடுத்த கிராமக் கணக்கில் தொடங்கி, 2008 வரை அந்த ஊர் பலமுறை ஆராயப்பட்டது. ஒரு நிலப்பிரபுக் குடும்பம் ஊரையே ஆண்ட காலம் முதல் அந்தப் பிடி தளர்ந்த காலம் வரை அதில் தெரிகிறது. இந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் பண்ணையாரும் கூலிக்காரரும் ஒரே பக்கத்தில் இருக்கிறார்கள். அதனால்தான் அவை நம்பகமாக இருக்கின்றன. நம் குடும்பப் புத்தகங்களும் அப்படி இருக்க முடியும்.

இதையெல்லாம் சொல்வதால் அந்த வீடுகளின் நன்மையை நான் மறைப்பதாக யாரும் நினைக்க வேண்டாம். குளம் வெட்டியவர்கள், பள்ளிக்கூடத்துக்கு இடம் கொடுத்தவர்கள், வித்துவான்களை வைத்துக் காப்பாற்றியவர்கள், பஞ்சத்தில் கஞ்சித்தொட்டி வைத்தவர்கள் அந்த வீடுகளில் இருந்தார்கள். அந்தத் தர்மத்துக்கு நெல் எங்கிருந்து வந்தது, அதை யார் விளைவித்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதினால் அந்தத் தர்மத்துக்கு ஒரு குறைவும் வராது.

ஆனால் அப்படி எழுதுவதற்கான ஆதாரம் அழிந்துகொண்டே போகிறது. 1980 நவம்பரில் பரம்பரை மணியம், கர்ணம் பதவிகள் ஒழிக்கப்பட்டன. அந்தக் குடும்பங்களில் தங்கிய பழைய கிராமக் கணக்குகள் பல மூட்டைகளாகப் பரணேறின. வீட்டை இடிக்கும்போது அவை எடைக்குப் போகின்றன. கைலாசபுரத்து நண்பர்களிடம் நான் கேட்பது இதுதான். ஊரில் உள்ள பழைய வீட்டை விற்பதற்கோ இடிப்பதற்கோ முன்னால் பரணில் ஒருமுறை ஏறிப் பாருங்கள். கணக்குக் கட்டு இருந்தால் எதையும் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். படமெடுத்து வையுங்கள், தமிழ் எண் படிக்கத் தெரிந்தவரை அருகில் வைத்துப் படியுங்கள். குடும்ப மரத்தில் அத்தைகளின் பெயரை அவர்கள் பிறந்த வீட்டோடு எழுதுங்கள். வரும் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது, உங்கள் பண்ணையில் வேலை பார்த்த முதியவர் எவராவது இருந்தால் அவர் தெருவுக்கு நீங்கள் போய், அவர் வீட்டில் உட்கார்ந்து, அவர் சொல்வதைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். அந்தப் பண்ணையில் உழைத்தவர் வீட்டுப் பிள்ளைகளாக இங்கே இருப்பவர்கள் தங்கள் பக்கத்துக் கதையைத் தனியாகவே எழுதுங்கள். யாரும் வந்து கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அச்சிடும் புத்தகத்தில் அந்த முதியவரின் பெயரையும், அவர் தாய் தகப்பன் பெயரையும் முழுமையாகப் போடுங்கள்.